பினாங்கில் கணவன் மனைவி சைக்கிளில் கழிக்கும் சனி, ஞாயிறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் எங்கள் வீட்டில் கார் இருந்தும் சனி, ஞாயிறுகளில் நானும் கணவரும் சைக்கிளிலேயே கடைக்கும் சாப்பாட்டுக்கும் போய் வருவது தெரிந்த பிறகு, உறவினர்களும் அலுவலகத் தோழியரும் கோயிலில் சந்திக்கும் தம்பதியரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்டு வருகிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சு வழக்கிலேயே விட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை வேறொரு பதிலில் திரும்பச் சொல்லாமல் முந்தைய கேள்வியின் எண்ணைக் குறித்திருப்பதால், முதல் முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. இருக்கிறதே ரெண்டு நாள். சைக்கிள், வெளிச்சாப்பாடு, வீட்டுச் சாமான் மூணும் எப்படிக்கா முடியும்?

மூன்றையும் தனித்தனி வேலைகளாக வைத்துக்கொண்டால் முடியாது. காலையில் சைக்கிள் ஓட்டி வீடு திரும்பி, குளித்து, காரை எடுத்துக் கடைக்குப் போய், மறுபடியும் சாப்பிடக் கிளம்புகிறவர்களுக்கு ஞாயிறு மாலையில் களைப்புதான் மிஞ்சும். கடைக்குப் போகும் வழியையே சைக்கிள் சவாரியாகவும், சாப்பாட்டை அந்த வழியின் நடுவே உட்காரும் இடமாகவும் வைத்துக்கொண்டால் மூன்றும் ஒரே சுற்றில் அடங்கிவிடும். அந்தச் சுற்றின் வரிசையை வெயிலும் கடைகள் திறந்திருக்கும் நேரமும் தீர்மானிக்கின்றன. நம் விருப்பத்துக்கு அதில் இடம் குறைவு.

நாங்கள் சனிக்கிழமையைக் குறுகிய தூரத்துக்கும் வேலைகளுக்கும், ஞாயிற்றுக்கிழமையை நீண்ட சவாரிக்கும் ஒதுக்குகிறோம். தனியார் கிளினிக், தையற்கடை போன்றவை பல இடங்களில் சனிக்கிழமை மதியம் வரைதான் இயங்குகின்றன என்பதே காரணம். நேரில் போயே ஆக வேண்டிய வேலை எது, கைப்பேசியில் முடிகிற வேலை எது என்று வெள்ளிக்கிழமை இரவே பிரித்து வைப்பது உதவும். மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்களுக்கு யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியிலிருந்து காரின் கண்ணாடியில் சாலை வரி வில்லை ஒட்டவும் தேவையில்லை. பட்டியலில் பாதி இப்படியே கழிந்துவிடும்.

2. எத்தனை மணிக்குக் கிளம்பணும்? ஆறு மணிக்கே போகணும்னு இவரு சொல்றாரு.

ஆறு மணிக்கு பினாங்கில் கும்மிருட்டு. ஆண்டு முழுவதும் சூரியன் இங்கே ஏறத்தாழ காலை 7 மணிக்கும் 7.35 மணிக்கும் இடையில்தான் உதிக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் மிகத் தாமதம். நாம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 100 பாகையை ஒட்டி. நம் கடிகாரமோ 120 பாகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. 1982 ஜனவரி 1-ஆம் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து இந்த வித்தியாசம் இன்னும் கூடிவிட்டது.

இதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. உச்சி வெயிலும் தாமதமாகவே வருகிறது. சூரியன் தலைக்கு மேல் நிற்பது பன்னிரண்டு மணிக்கல்ல, ஒன்றேகாலை ஒட்டித்தான். ஆகவே 7.15-க்குக் கிளம்பினால் 10 மணி வரை தாங்கக்கூடிய வெயில்தான் இருக்கும். அதற்கு முன்பே கிளம்புகிறவர்கள் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியவிட்டே ஓட்ட வேண்டும். மாலையில் ஓட்டலாம் என்றால், இருட்டுவதற்கு 7 மணிக்கு மேல் ஆகும் என்பதால் நேரம் இருக்கிறது. ஆனால் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்.

3. எங்க ரெண்டு பேருக்கும் பழக்கமே இல்ல. முதல்ல எங்க போறது?

ஜார்ஜ்டவுனின் பழைய நகரப் பகுதி முழுவதும் சமதளம் என்பதால் அங்கேயே தொடங்கலாம். பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் தொடங்கி, கோர்ன்வாலிஸ் கோட்டையையும் விக்டோரியா மணிக்கூண்டையும் சுற்றி, பெங்காலான் வெல்ட் வழியாகச் சீனக் குலத்தவரின் மரப்பாலக் குடியிருப்புகள் வரை போய், ஆர்மீனியன் தெரு வழியாகத் திரும்பினால் சில கிலோமீட்டர்கள்தான் ஆகும். 2012-இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் சுவரில் வரைந்த, சைக்கிளில் இரு குழந்தைகள் இருக்கும் ஓவியம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் அதன் முன்னால் படம் எடுக்கும் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும். எட்டு மணிக்கு முன் போனால் தெரு உங்களுடையது.

தெற்கே குடியிருப்பவர்களுக்குக் குவீன்ஸ்பே கடலோரம் ஏற்றது. ஜெரெஜாக் தீவும் பினாங்குப் பாலமும் கண்ணெதிரே தெரிய, கார்களோடு மோதாமல் பழகலாம். எங்கே பழகினாலும் நேராக ஓட்டுவதை மட்டும் பழகிவிட்டு வந்துவிடாதீர்கள். கைகாட்டிக்கொண்டே ஓட்டுவதும், வளையாமல் பின்னால் திரும்பிப் பார்ப்பதும், ஒரே இழுப்பில் நிறுத்துவதும் இருவருக்கும் தடுமாறாமல் வந்த பிறகே சாலைக்கு இறங்க வேண்டும்.

4. புது சைக்கிள் வாங்கணுமா? கடையில ஆயிரக்கணக்குல சொல்றாங்க.

வேண்டியதில்லை. ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்கள் நம் நாட்டில் நிறைய விற்கின்றன. முன்னால் கூடை, சங்கிலிக்கு மூடி, மண்காப்பு, பின்னால் சாமான் வைக்கும் தாங்கி எல்லாம் சேர்ந்தே வரும். கடைக்குப் போய்வர அதைவிடப் பொருத்தமானது இல்லை. வாங்குமுன் இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மலை ஏறும் ஆசை இருந்தால் மட்டும் கியர் எத்தனை என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. கணவருக்குப் புதிய வேகச் சைக்கிளும் மனைவிக்கு மூலையில் கிடந்த பழைய சைக்கிளும் என்று ஒரு வீட்டில் இருக்கக் கூடாது. அடுத்த கேள்வி பெரும்பாலும் அத்தகைய வீடுகளிலிருந்துதான் வருகிறது.

5. அவரு வேகமாப் போயிடறாரு. நான் பின்னால தனியா மூச்சு வாங்கிட்டு வர்றேன். இதுக்கு நான் வீட்டிலேயே இருக்கலாமே?

மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போக வேண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. முன்னால் போகிறவர் வேகத்தை வகுக்கிறார். பின்னால் வருகிறவர் சாலையைக் கவனிக்கிறார், பின்னாலிருந்து வரும் லாரியைக் குரல் கொடுத்துச் சொல்கிறார், தேவைப்பட்டால் ஓரடி வலப்பக்கம் தள்ளி ஓட்டி முன்னவருக்கு இடம் பிடித்துத் தருகிறார். முன்னால் போய்ச் சாலைமுனையில் காத்திருப்பது உதவியே ஆகாது. காத்திருந்தவர் இளைப்பாறி முடித்திருப்பார், வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்கும்போதே "கிளம்பலாமா?" என்ற கேள்வி வரும். களைத்தவருக்கு இளைப்பாறலே கிடைக்காது.

வேகம் சரியா என்பதை அறிய எளிய அளவு, முன்னால் இருப்பவரால் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதுதான். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகம் அதிகம். வேகமாக ஓட்டியே தீர வேண்டும் என்ற ஆசை உள்ளவர் அதைத் தனியாக, வேறொரு காலையில் தீர்த்துக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து போகும் நாளை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தூரத்தைக் காட்டும் கைப்பேசிச் செயலியைக் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும் கணவர்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டிகள் ஓடும் சாலையில் இணையாக ஓட்டாதீர்கள். ஒருவர் பின் ஒருவராக, இடையில் இரண்டு சைக்கிள் நீளம் விட்டு ஓட்டுங்கள். பல தடங்களைக் கடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இறங்கி, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் தள்ளிக்கொண்டு போவதில் குறைவேதும் இல்லை. ஒருவர் மட்டும் பச்சை விளக்கில் கடந்துவிட்டால், கடந்தவர் நிழலில் நிற்க வேண்டும். பின்தங்கியவர் சிவப்பில் பாய்ந்து வரக் கூடாது.

6. பஞ்சாபி சூட்டு, சேலையெல்லாம் கட்டிக்கிட்டு ஓட்டலாமா?

பஞ்சாபி உடையில் தாராளமாக ஓட்டலாம்; ஆபத்து அதன் துப்பட்டாவில்தான் இருக்கிறது. பின்சக்கரக் கம்பிகளில் அது சிக்கினால் கழுத்தை இழுத்துவிடும் என்பதால், மடித்துக் கூடையில் வைத்து இறங்கிய பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். சங்கிலி மூடி இல்லாத சைக்கிளில் தொளதொளப்பான கால்சட்டையின் வலக்காலை ஒரு நாடாவால் கட்டிக்கொள்ளலாம். சேலை மட்டும் வேண்டாம்.

7. பசியாறிட்டுக் கிளம்பறதா, ஓட்டிட்டுச் சாப்பிடறதா?

இரண்டும். கிளம்புமுன் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். வயிறு நிறையச் சாப்பிடுவது சவாரி முடிந்த பிறகு. சோற்றில் பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டாரை முதலில் முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்ற யோசனை, சோறு மூழ்கும்படி ஊற்றிச் சாப்பிட்டவர்கள் அரை மணி நேரத்தில் எங்கே படுக்கலாம் என்று தேடுவதில்தான் முடிகிறது. அதே நாசி கண்டாரைப் பத்தரை மணிக்கு, இருபது கிலோமீட்டர் ஓட்டி முடித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டால் அதன் சுவையே தனி. லெபோ கேம்பல் தெருவில் 1907-இலிருந்து நடந்துவரும் ஹமீதியா உட்பட நகரின் பழைய கடைகள் பல, சைக்கிளில் எளிதில் எட்டும் சமதளத்தில்தான் இருக்கின்றன.

தண்ணீரைப் பொறுத்தவரை தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. இந்த ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் வழிந்துவிடுவதால் உப்பும் சேர்ந்து போகிறது. வழியில் ஓர் இளநீர் குடிக்கலாம்; இல்லையென்றால் தண்ணீரில் எலுமிச்சைச் சாறும் சிட்டிகை உப்பும் கலந்து எடுத்துப் போகலாம். நிறுத்தும் இடமெல்லாம் இனிப்பான பால் தேநீரான தே தாரிக் குடித்தால், சவாரியில் கரைத்ததைவிட அதிகமாகவே திரும்ப ஏறிவிடும். குடித்தே ஆக வேண்டுமென்றால் 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று சொல்லிக் குடியுங்கள்.

8. நான் சைவம், அவரு எல்லாம் சாப்பிடுவாரு. ரெண்டு பேரும் ஒண்ணா எங்க உட்காருவது?

லெபோ பாசார், லெபோ குவீன் தெருக்களைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவில் இந்தச் சிக்கலே இல்லை. சைவ உணவகமும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையும் அருகருகே இருக்கின்றன. பல கடைகள் சேர்ந்த அங்காடி உணவு நிலையத்திலும் ஒரே மேசையில் அவரவருக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு உட்காரலாம்.

ஆனால் பினாங்கின் புகழ்பெற்ற உணவுகளில் பார்வைக்குச் சைவம்போலத் தெரிபவை பல சைவமல்ல. அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்சின் குழம்பே மீனில் செய்வது. பழ ரோஜாக்கின் கருஞ்சாந்தில் இறால் விழுது உண்டு. வறுத்த தட்டை நூடுல்சான சார் கோய் தியாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு. இறால் நூடுல்சான ஹொக்கியன் மீயின் சாறு இறால் ஓட்டோடு பன்றி எலும்பையும் கொதிக்க வைத்து எடுப்பது வழக்கம் என்பதால், மாட்டையும் பன்றியையும் தவிர்க்கும் அசைவக்காரரும் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு மட்டும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லாவிட்டால், மீன் குழம்பையும் கலந்து ஊற்றிவிடுவார்கள். தேங்காய்ப் பாலில் செய்யும் குளிர் இனிப்பான செண்டோல் மட்டும் இருவருக்கும் பொதுவானது.

9. லிட்டில் இந்தியாவுல மாசச் சாமான் வாங்கினா சைக்கிள்ல தூக்கிட்டு வர முடியுமா?

மாதச் சாமான் முடியாது, வாரச் சாமான் முடியும். ஒரு சைக்கிளின் பின்தாங்கியில் இருபக்கமும் தொங்கும் பைகள் இருந்தால் ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் இருவருக்கும் பங்கிட்டு வந்துவிடும். கனமானவை கீழே, இருபக்கமும் சம எடையாக இருக்க வேண்டும். கைப்பிடியில் பையைத் தொங்கவிட்டால் திரும்பும்போது அது முன்சக்கரத்தில் உரசிக் கவிழ்த்துவிடும். பத்துக் கிலோ அரிசி மூட்டையும் கேஸ் தோம்பும் (சிலிண்டரும்) கடைக்காரர் வீட்டுக்கே அனுப்பும் பட்டியலில் இருக்கட்டும்.

வாங்கும் வரிசையும் முக்கியம். உலர்ந்த சாமான் முதலில், காய்கறி அடுத்து, பூவும் மீனும் கடைசியில். மீன் வாங்குவதானால் சௌராஸ்தா பாசார் சந்தையைச் சுற்றின் முடிவில் வைத்து, பனிக்கட்டியோடு இறுக்கமாக மூடும் பெட்டியில் போட்டு நேராக வீட்டுக்குப் போங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டாலும் தேநீருக்கு நிற்காதீர்கள். மீன் வாங்காத நாளில் அதே பாசாரில் ஜாதிக்காய் ஊறுகாயைச் சுவை பார்க்கவும், பழைய புத்தகக் கடைகளைக் கிளறவும் நேரம் கிடைக்கும். துணிப்பையை மறக்காதீர்கள்; இந்த மாநிலத்தில் 2011 ஜனவரியிலிருந்து எந்த நாளிலும் நெகிழிப் பை இலவசமில்லை.

10. சைக்கிளை எங்க பூட்டி வைக்கிறது? திருடு போயிடாதா?

போகும். மெல்லிய சுருள்கம்பிப் பூட்டைச் சாதாரண வெட்டுக் குறடே அறுத்துவிடும். கெட்டியான யூ வடிவப் பூட்டு ஒன்றை வாங்கி, இரண்டு சைக்கிள்களின் சட்டங்களையும் ஒன்றாக, நகராத ஒரு தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால், பூட்டிய சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோவார்கள்.

பழைய கடை வரிசைகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்துவது முதியவர்களுக்குத் தொல்லை. சாப்பிட உட்காரும் கடையில், கண்ணில் படும் இடத்தில் வைக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கார் நிறுத்தக் கட்டணமும் இடம் தேடும் அலைச்சலும் இல்லாததே லிட்டில் இந்தியாவுக்குச் சைக்கிளில் போவதன் பெரிய இலாபம் என்பது என் கருத்து.

11. ஊருக்குள்ளேயே ஓட்டி அலுத்துப் போச்சு. பாலிக் பூலாவ் போகலாமா?

போகலாம், தீவிலேயே தம்பதியருக்கு ஏற்ற மிக நல்ல இடம் அதுதான். மலைக்கு அந்தப் பக்கம் சுங்கை பூரோங், பூலாவ் பெத்தோங் பகுதிகளில் வயலும் கம்பம் எனும் கிராமமும் கடலும் சமதளச் சிறு சாலைகளால் இணைந்து கிடக்கின்றன. ஆனால் அந்தச் சமதளத்துக்குப் போய்ச் சேர, துன் சார்டோன் சாலை வழியாக வந்தாலும் தெலோக் கும்பார் வழியாக வந்தாலும் மலையைத் தாண்டியாக வேண்டும். ஆகவே பழகும் காலத்தில் சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், பாலிக் பூலாவ் சிறுநகரில் காரை விட்டுவிட்டு அங்கிருந்து ஓட்டுங்கள். காரின் பின்னால் தாங்கியில் மாட்டினால் எண் பலகை மறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பத்து நாய்கள் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள்; இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் சலித்துப் போய்விடும். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை டுரியான் காலம். முள்ளோடு முழுப் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுவதைவிடக் கடையிலேயே பிளந்து சாப்பிட்டுவிடுவது புத்திசாலித்தனம். மீந்த சுளைகளைப் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். காரில் வீடு திரும்பும்போது ஜன்னலைத் திறந்து வைப்பதா வேண்டாமா என்பது அந்தந்தத் தம்பதியரின் முடிவு.

12. தீவையே ஒரு சுத்து சுத்தணும்னு இவருக்கு ஆசை. என்னால முடியுமா?

முழுச் சுற்று ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தூரத்தைவிட ஏற்றங்கள்தான் சோதிக்கும். தெலுக் பஹாங் அணையைத் தாண்டிக் காட்டுக்குள் வளைந்து ஏறும் நீண்ட ஏற்றம் ஒன்று; பாலிக் பூலாவிலிருந்து தெலோக் கும்பாருக்கு வரும்போது மற்றொன்று. இவற்றை முன்கூட்டியே தனித்தனிக் காலைகளில் ஏறிப் பார்த்து, இறங்கித் தள்ளாமல் இருவராலும் முடிகிறது என்றால் முழுச் சுற்றும் முடியும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து வடக்கே கிளம்பிப் பத்து ஃபிரிங்கி வழியாகப் போவதே நல்லது. குறுகி வளைந்த அந்தச் சாலையில் சுற்றுலாக் கார்கள் நிறையுமுன் கடந்துவிடலாம். பெரிய ஏற்றமும் வெயில் ஏறுமுன், மர நிழலில் முடிந்துவிடும். இறக்கத்தில் 5-ஆம் பதிலின் வரிசையை மாற்றி, அனுபவமுள்ளவர் முன்னால் போகலாம். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்திருக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். குரங்குகள் இருக்கும் இடத்தில் பையைத் திறந்து எதையும் எடுக்காதீர்கள். அன்றைக்கு வேறு எந்த வீட்டு வேலையையும் பட்டியலில் வைக்க வேண்டாம்.

13. நாங்க பட்டர்வொர்த்துல இருக்கோம். பாலத்துல ஓட்டிட்டு வரலாமா?

முடியாது. 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலத்திலும், 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலத்திலும் சைக்கிளுக்கு அனுமதியில்லை. பாலத்தை மூடி நடத்தும் சிறப்பு நிகழ்ச்சிகளில் மட்டும் ஓட்டியவர்களைப் பார்த்துவிட்டு, மோட்டார் தடத்தில் நாமும் போகலாம் என்று எண்ணக் கூடாது.

உங்களுக்கு உரியது ஃபெரி. 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகள் கார்களை ஏற்றுவதில்லை. நடந்து வருகிறவர்களையும் மோட்டார், சைக்கிள் ஓட்டிகளையும் ஏற்றுகின்றன. இறங்கும் இடம் பெங்காலான் வெல்ட். அங்கிருந்து லிட்டில் இந்தியா சில நிமிடத் தூரம். 3-ஆம் பதிலில் சொன்ன சுற்று அந்த வழியாகவே போவதால், தீவின் தெற்கே குடியிருக்கும் எங்களைவிட உங்கள் சனிக்கிழமை எளிதானது.

14. பாதி வழியில மழை பிடிச்சுட்டா? புகைமூட்டம் இருந்தா?

வெறும் தூறலென்றால் ஓட்டலாம்; இடி கேட்டால் ஒதுங்க வேண்டும். மரத்தடியிலும் திறந்த கடலோரத்திலும் நிற்காமல் கடைவரிசைக்குள் போய்விடுங்கள். நனைந்த சாலையில் வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும். பிரேக் பிடிக்கவும் கூடுதல் தூரம் வேண்டும். சாக்கடைக் கம்பிகள் சக்கரத்துக்கு இணையாக ஓடும் இடங்களில் தண்ணீர் தேங்கினால் இடைவெளியே தெரியாது. தேங்கிய நீருக்குள் ஓட்டாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் குறைவு. புதிதாகத் தொடங்க அந்த இரண்டு மாதங்கள் ஏற்றவை.

புகைமூட்டம் பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வருகிறது. சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 50 வரை நல்லது, 100 வரை மிதமானது, அதற்கு மேல் 200 வரை ஆரோக்கியத்துக்குக் கேடானது. நூறைத் தாண்டினால் அன்று காரில் போங்கள். ஆஸ்துமா உள்ளவர் இருவரில் ஒருவராக இருந்தால் நூறை நெருங்கும்போதே நிறுத்திக்கொள்ளலாம். சைக்கிள் ஓட்டும்போது சாதாரணமாக இழுப்பதைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறோம்.

15. எனக்கு மூட்டு வலி. நான் மின்சார ஸ்கூட்டர்ல வர்றேன், அவரு சைக்கிள்ல வரட்டுமே?

நின்றுகொண்டு ஓட்டும் மின்சார ஸ்கூட்டரைச் சாலையில் ஓட்டுவதற்கு 2021-ஆம் ஆண்டு அரசிதழில் வெளியான விதிகள் தடை விதித்திருக்கின்றன. கடையில் தாராளமாக விற்கிறார்கள் என்பது சாலையில் ஓட்டுவதற்கான அனுமதியாகாது. பெடலை மிதிக்கும்போது மட்டும் மோட்டார் உதவும் மின்சார சைக்கிள் வேறு வகை. மூட்டு வலி உள்ளவருக்கும், 5-ஆம் கேள்வியில் வரும் வேக வேறுபாட்டுக்கும் அது நல்ல தீர்வு. ஆனால் இருக்கையைச் சரியான உயரத்தில் வைக்காததாலேயே மூட்டு வலிப்பவர்களும் உண்டு. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் உயரத்துக்கு இருக்கையை ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகு செலவைப் பற்றி யோசியுங்கள்.

16. பெருநாள் சமயத்துல இந்தத் திட்டமெல்லாம் நடக்குமா?

மாற்றத்தோடு நடக்கும். நோன்பு மாதத்தில் பல நாசி கண்டார் கடைகள் பகலில் மூடியிருக்கும் என்பதால் சவாரியை மாலைக்கு மாற்றி, ரமலான் சந்தையில் வாங்கிக்கொண்டு வீட்டில் சாப்பிடலாம். சீனப் புத்தாண்டின்போது அங்காடிக் கடைகள் பல நாட்கள் மூடிவிடும். சாலை காலியாக இருக்கும், ஓட்டுவதற்கு அருமையான காலம், ஆனால் கையில் சாப்பாடு இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் லிட்டில் இந்தியாவுக்குள் சைக்கிளைத் தள்ளக்கூட இடமிருக்காது.

தைப்பூசத்தின்போது லிட்டில் இந்தியாவிலிருந்து ஜாலான் கெபுன் பூங்கா வரை இரத ஊர்வலத்துக்காகச் சாலைகள் மூடப்படும். அந்தப் பக்கம் நடந்து போவதே முறை.

17. கார் வச்சுக்கிட்டு சைக்கிள்ல கோயிலுக்குப் போறீங்களேன்னு மாமியார் கேக்கறாங்க. வேர்வையோட கோயிலுக்குள்ள போகலாமா?

வியர்வையோடு போகாமல் இருக்க வழி இருக்கிறது. மாற்று உடையும் ஒரு சிறு துண்டும் எடுத்துப் போய், முகம் கை கால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு உள்ளே போகலாம். 1833-இல் எழுந்த லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயிலுக்குக் காலைச் சவாரியின் தொடக்கத்திலேயே, வியர்க்குமுன் போய்விடுவது இன்னும் எளிது. 513 படிகள் ஏற வேண்டிய தண்ணீர்மலை முருகன் கோயிலை நீண்ட சவாரியோடு சேர்க்காதீர்கள், கால்கள் மறுத்துவிடும்.

மாமியாரின் கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பயம். சாலையில் என்ன ஆகுமோ என்ற கவலையைத்தான் அவர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள். தலைக்கவசத்தைக் காட்டுங்கள், போகும் வழியைச் சொல்லிவிட்டுப் போங்கள், போய்ச் சேர்ந்ததும் அழைத்துப் பேசுங்கள். திரும்பும்போது அவர்களுக்குப் பிடித்த பூவையோ பலகாரத்தையோ வாங்கி வருவதும் உதவும்.

18. எனக்கு லிஸ்ட்டுல இருக்கிற வேலை முடியணும், அவருக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் போகணும். ஒவ்வொரு வாரமும் இதுல சண்டைதான். என்ன பண்றது?

கிளம்பிய பிறகு திட்டத்தை மாற்றுவதுதான் சண்டைக்குக் காரணம். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே போயிடலாமே" என்று ஒருவர் சொல்லும்போது மற்றவரின் கையில் பத்து மணிக்கு உருகத் தொடங்கும் பனிக்கட்டிப் பெட்டி இருக்கிறது. எங்கே திரும்புவது, எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குள் போவது என்பதை வெள்ளிக்கிழமை இரவே பேசி முடித்துவிட்டால், சாலையில் பேச வேண்டியது வேறு விஷயங்களாக இருக்கும். பட்டியலை இருவரும் சேர்ந்தே எழுதுங்கள். ஒருவர் எழுதி மற்றவர் உடன் வருவதாக இருந்தால், உடன் வருகிறவருக்கு அது எப்போதும் பிறர் வேலையாகவே தெரியும்.

அப்படியும் ஒத்துவராத நாளில் பிரிந்து போவதில் தவறில்லை. சாமானோடு ஒருவர் வீட்டுக்குத் திரும்பட்டும். மற்றவர் தம் பத்துக் கிலோமீட்டரை ஓட்டிவிட்டு வரட்டும். ஆனால் பொதுவாகச் செய்த வேலையில் பாதியை ஒருவரே சுமந்து போகிறார் என்பதால், மதியச் சாப்பாட்டைத் தப்பாவ் செய்து (கடையில் பொட்டலமாக வாங்கி) கொண்டுவருவது மற்றவரின் பொறுப்பு. பிரியுமுன் யாரிடம் வீட்டுச் சாவி, யாரிடம் பூட்டுச் சாவி, யாரிடம் காற்றடிக்கும் பம்ப் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.